பல் கிளினிக் மென்பொருளுக்குப் பயனர் குழு தொடங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பல் கிளினிக்கின் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் அதே மென்பொருளை வைத்திருக்கும் பக்கத்துக் கிளினிக்குகளோடு சேர்ந்து ஒரு பயனர் குழு நடத்திவருகிறோம். இதைக் கேள்விப்பட்டுப் பேச வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே போட்டிருக்கிறேன்.

பயனர் குழுன்னா என்ன? கம்பெனிக்காரங்க நடத்துற ட்ரெய்னிங் மாதிரியா?

இல்லை. ட்ரெய்னிங்கில் மென்பொருளை விற்றவர் பேசுவார், நாம் கேட்போம். பயனர் குழுவில் அதை வைத்து தினமும் வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறோம். "இந்தப் பட்டன் எங்கே இருக்கிறது" என்பதைக் கம்பெனியின் கையேடு சொல்லிவிடும். "இந்தப் பட்டனை அழுத்தினால் மாதக் கடைசியில் கணக்கில் என்ன தகராறு வரும்" என்பதை அனுபவப்பட்டவர்தான் சொல்ல முடியும்.

இது புதிய யோசனையும் இல்லை. 1955-ல் ஐபிஎம் 704 கணினி வைத்திருந்த நிறுவனங்கள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கூடி 'ஷேர்' என்ற குழுவைத் தொடங்கின. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே நிரலை எழுதி நேரத்தை வீணாக்குவானேன், எழுதியதைப் பகிர்ந்துகொள்ளலாமே என்பதுதான் அவர்கள் எண்ணம். அந்தக் கணினி காட்சிசாலைக்குப் போய்விட்டது, ஷேர் இன்னும் நடக்கிறது. நாம் செய்யப்போவதும் அதேதான், மூன்று நான்கு கிளினிக் அளவில்.

நான் டாக்டர் இல்லை, ரிசப்ஷன்லதான் இருக்கேன். நான் தொடங்கினா யாராவது வருவாங்களா?

வருவார்கள். அப்பாயின்ட்மென்ட் போடுவது, பில் போடுவது, ஆறு மாத மறுபரிசோதனைக்கு அழைப்பது, நாள் முடிவில் கணக்கை மூடுவது என எல்லாமே ரிசப்ஷன் வழியாகத்தான் போகிறது. டாக்டர் பெரும்பாலும் பல் வரைபடம், சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே ஆகிய மூன்று திரைகளோடு நிற்பார். மென்பொருளின் மீதிப் பரப்பு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது.

டாக்டர்களும் உதவியாளர்களும் வரட்டும், நல்லதுதான். ஆனால் டாக்டர் தொடங்கிய குழுவில் ஊழியர்கள் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தன் முதலாளி பக்கத்தில் இருக்கும்போது "இது எனக்கு இன்னும் புரியவில்லை" என்று யார் சொல்வார்கள்? ஊழியர் தொடங்கினால் அந்தத் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

எங்க டாக்டர் அனுப்பவே மாட்டேங்கிறார். "நம்ம விஷயத்தை வெளியில எதுக்குப் பேசணும்"னு கேட்கிறார்.

அவர் கேட்பது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நோயாளி விவரமும் கட்டணமும் குழுவில் பேசப்படாது என்ற விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் (இரண்டைப் பற்றியும் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்). அதோடு, உங்கள் கிளினிக்கில் நெடுநாளாகத் தீராத ஒரு தொல்லையைச் சொல்லி, "இதற்கு விடை கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று போய் வாருங்கள். விடையோடு திரும்பினால் அடுத்த முறை அவரே "கூட்டம் எப்போது?" என்று கேட்பார்.

இந்த சாஃப்ட்வேரை சுத்துவட்டாரத்துல யார் யார் வெச்சிருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்கள் மேசைக்கு வரும் காகிதங்களைப் பாருங்கள். வேறு கிளினிக்கிலிருந்து நோயாளி கொண்டுவரும் சிகிச்சைத் திட்ட அச்சும் பரிந்துரைக் கடிதமும் உங்களுடையதைப் போலவே இருந்தால், அதே கட்டங்கள், அதே அடிக்குறிப்பு என்றால், அங்கேயும் அதே மென்பொருள்தான். நான் முதல் இரண்டு கிளினிக்குகளைக் கண்டுபிடித்தது இப்படித்தான். அச்சில் நிலுவைத் தொகை வரும் கட்டம் எங்களுடையதைப் போலவே வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. போன் செய்து "உங்களுக்கும் அந்தக் கட்டம் வெட்டுப்படுகிறதா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம்.

அப்புறம், பல் செட் செய்து தரும் லேப்காரர்களுக்கும் எக்ஸ்ரே சென்சார் பழுது பார்ப்பவர்களுக்கும் எல்லாக் கிளினிக்கும் தெரியும். மென்பொருள் கம்பெனியையும் கேட்கலாம். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உங்கள் அழைப்பை அவர்களே தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

குறைஞ்சது எத்தனை பேர் வேணும்?

மூன்று கிளினிக்குகள் போதும். இரண்டு என்றால் ஒருவர் வராத நாளில் கூட்டமே இல்லை. இருபது பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள்.

ஒரே சாஃப்ட்வேர் வெச்சிருக்கிறவங்க மட்டும் சேரணுமா, வேற வெச்சிருக்கிறவங்களும் வரலாமா?

ஒரே மென்பொருளுக்கு மூன்று கிளினிக் கிடைத்தால் அதோடு நில்லுங்கள். டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் எல்லாம் செய்யும் வேலை ஒன்றுதான் என்றாலும் திரைகளும் சொற்களும் வேறு. ஒருவர் காட்டுவது இன்னொருவருக்குப் பயன்படாது. ஒரே மென்பொருளிலும் சர்வர் கிளினிக்கிலேயே இருக்கும் பதிப்பு, இணையம் வழியாக ஓடும் பதிப்பு என்று இரண்டு இருந்தால் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கலந்த குழு என்றால் பட்டன்களை விட்டுவிட்டு வேலைமுறையைப் பேசுங்கள்: வராத நோயாளியை எப்படிப் பதிவது, நாள் கணக்கை யார் சரிபார்ப்பது என்று. அங்கேயும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல் எண்ணை எந்த முறையில் சொல்கிறோம் என்று பேச்சைத் தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உலகின் பெரும்பகுதியில் புழங்கும் எஃப்டிஐ இரண்டிலக்க முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் புழங்கும் 1 முதல் 32 வரையான முறையில் அதே பல் 3. அந்த முறையில் 16 என்றால் மேல் இடது ஞானப்பல். பெரும்பாலான மென்பொருள்களில் இதை அமைப்புகளில் மாற்றிக்கொள்ள முடியும். அதனால் திரையைப் பார்த்து மட்டும் ஊகிக்க முடியாது.

முதல் கூட்டத்துல என்ன பண்றது? எனக்கு மேடையில பேசவெல்லாம் வராது.

யாரும் மேடையில் பேச வேண்டாம். அழைக்கும்போதே ஒவ்வொரு கிளினிக்கிடமும் "உங்களை எரிச்சல்படுத்தும் ஒரு விஷயம்" என்று ஒன்றே ஒன்று கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள்தான் முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல்.

எங்கள் முதல் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கில் மறுபரிசோதனைப் பட்டியல் எப்போதும் தப்பாக வந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் பல் சுத்தம் செய்துகொண்டு போனவருக்கு இந்த வாரம் "நீங்கள் வந்து ஆறு மாதம் ஆகிறது" என்று செய்தி போகிறது. நோயாளிகள் போன் செய்து கோபித்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து வந்திருந்த பெண் இரண்டு வருடமாகப் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்து, பேனாவால் அடித்துவிட்டு, மிச்சமிருப்பவர்களை மட்டும் அழைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கிளினிக்கின் உதவியாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பல் சுத்தம் செய்வதற்கு நீங்களாக ஏதாவது புதிய கோடு (சிகிச்சையைப் பதியும் குறியீடு) உருவாக்கினீர்களா?" ஆமாம், சலுகைக் கட்டணத்துக்காக ஒரு கோடு உருவாக்கியிருந்தார்கள். இந்த வகை மென்பொருள்களில், எந்தச் சிகிச்சைக் கோடு பதிவானால் அடுத்த ஆறு மாதக் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லி வைக்க வேண்டும். பழைய கோடு அந்த இடத்தில் இருந்தது, புதிய கோடு இல்லை. அதனால் சலுகையில் வந்தவர்கள் எல்லோருமே வராதவர்களாகத் தெரிந்திருக்கிறார்கள்.

அமைப்புகளில் ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்தது. அவர் கொண்டுவந்திருந்த அச்சுத்தாள்களில் பாதிக்கு மேல் பேனாக் கோடுகள். அதைப் பார்த்தபோதுதான் இந்தக் குழு அவசியம் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்படி ஒரு தொல்லை முதல் கூட்டத்திலேயே தீர்ந்துவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நீங்கள் அலைய வேண்டியதில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? எவ்வளவு நேரம்?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், எப்போதும் ஒரே கிழமை. மாதாமாதம் என்று தொடங்கிய குழுக்கள் சீக்கிரம் களைத்துப்போகின்றன. இடம் எதுவானாலும் சரி, எல்லோருக்கும் திரை தெரிய வேண்டும். கிளினிக்கிலேயே கூடுவதென்றால் வேலை நேரம் முடிந்த பிறகு, நோயாளி விவரம் உள்ள கணினிகளை அணைத்துவிட்டு, கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு.

டெமோ காட்டும்போது எங்க கிளினிக் சாஃப்ட்வேரையே திறந்து காட்டிடலாமா? அதுதானே சுலபம்?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் நோயாளியின் பெயர், போன் எண், நிலுவைத் தொகை, உடல்நலக் குறிப்பு எதையும் அடுத்த கிளினிக்காரர் பார்க்க உரிமை இல்லை. அமெரிக்காவின் ஹிப்பா, 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டுக்கு நாடு சட்டத்தின் பெயர் மாறலாம். நோயாளி நம்மை நம்பிச் சொன்னது நம்மிடமே இருக்க வேண்டும் என்பது எங்கும் மாறாது.

பெரும்பாலான மென்பொருள்களோடு பயிற்சிக்கான மாதிரித் தரவு வருகிறது, இல்லாவிட்டால் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். நோயாளித் தரவு எதுவும் இல்லாத ஒரு தனி லேப்டாப்பில் அதைப் போட்டு, குழுவுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் "சோதனை ஒன்று", "சோதனை இரண்டு" என்று கற்பனை நோயாளிகளை உருவாக்கி, ஒருவருக்கு வேர் சிகிச்சை பாதியில் நிற்கிற மாதிரியும், ஒருவர் மூன்று தவணை பாக்கி வைத்த மாதிரியும், இன்னொருவர் இரண்டு முறை பதிவாகிவிட்ட மாதிரியும் வைத்திருக்கிறோம். எங்களுக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் இந்தச் சில பேரை வைத்தே காட்ட முடிகிறது.

நிஜத் தரவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிப்பார்கள், அதுவும் வேண்டாம். பெயரை ஓரிடத்தில் மாற்றினால் சிகிச்சைக் குறிப்பிலும் கடிதங்களிலும் ஸ்கேன் செய்த படிவங்களிலும் அப்படியே கிடக்கும். எக்ஸ்ரே இன்னும் மோசம். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுவான கோப்பு வகை) வடிவப் படத்தில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் கோப்புக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். படத்தின் மேல் பெயர் தெரியவில்லை என்பதால் உள்ளேயும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போ ஸ்க்ரீன்ஷாட்ல பேரை மறைச்சுட்டு அனுப்பினா சரிதானே?

பெயர் மட்டுமே அடையாளம் ஆகாது. ஹிப்பா விதிகளில், ஒரு பதிவை அடையாளமற்றதாக்கும் ஒரு முறைக்கு 18 வகை விவரங்களை நீக்கச் சொல்கிறார்கள். போன் எண், முழு முகப் படம், பதிவு எண் எல்லாம் அதில் உண்டு. சிகிச்சைக்கு வந்த தேதியில்கூட ஆண்டைத் தவிர மற்றது போய்விட வேண்டும். அப்பாயின்ட்மென்ட் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டில் இதையெல்லாம் மறைத்தால் காட்டுவதற்கு வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும்.

மறைக்கும் விதத்திலும் பொறி இருக்கிறது. போனில் பேனா கொண்டு கறுப்படித்தால் சில நேரம் நிறம் ஒளி ஊடுருவும் வகையாக இருக்கும், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். 2023-ல் கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தியிலும் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் கருவியிலும் ஒரு குறை வெளிவந்தது: வெட்டிச் சேமித்த படங்களில் வெட்டப்பட்ட பகுதி கோப்பில் மிச்சமிருந்து, அதை மீட்டெடுக்க முடிந்தது. திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் போனவை போனவைதான். கேள்வி இருந்தால் மேலே சொன்ன கற்பனை நோயாளியை வைத்து அதே சிக்கலை உருவாக்கி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். பாதி நேரம், உருவாக்கும்போதே விடை கிடைத்துவிடும்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்களைக் கூப்பிடணுமா?

கூப்பிடலாம், ஆனால் முதல் மூன்று கூட்டம் போகட்டும். ஆரம்பத்திலேயே அவர் வந்து உட்கார்ந்தால் குறை சொல்ல எல்லோரும் கூச்சப்படுவார்கள், கூட்டம் புதிய பதிப்பின் விளம்பரமாக முடியும். பழகிய பிறகு, ஐந்து கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பி, கூட்டத்தின் பின்பாதிக்கு மட்டும் அழையுங்கள். முன்பாதி நமக்குள்.

பதிலையும் எழுத்தில் கேளுங்கள், முக்கியமாகப் பாதுகாப்பு பற்றிய பதிலை. 2016-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், டென்ட்ரிக்ஸ் ஜி5 என்ற மென்பொருள் தரும் குறியாக்கத்தின் தரம் பற்றி விளம்பரத்தில் உண்மைக்கு மாறாகச் சொல்லப்பட்டது என்று அதன் நிறுவனத்தின் மேல் குற்றம்சாட்டியது. நிறுவனம் 2,50,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. "எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது" என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு நாம் நோயாளிக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. எந்தத் தரவு, எந்த முறையில், கணினியில் இருக்கும்போதா, இணையத்தில் போகும்போதா என்று பிரித்துக் கேளுங்கள்.

குழு பேர்ல சாஃப்ட்வேர் பேரைப் போடலாமா? லோகோ?

லோகோ வேண்டாம். பெயர், அதிகாரபூர்வக் குழு என்று நினைக்கும்படி இல்லாமல் "இன்ன மென்பொருள் பயன்படுத்துவோர்" என்ற தோரணையில் இருக்கட்டும். அதற்கும் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுச் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. வெளிவராத பதிப்பைச் சோதித்துப் பார்க்க உங்களில் யாராவது ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தால், அதைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள்.

சந்தா வாங்கணுமா?

முதல் வருடம் வேண்டாம். செலவு வந்தால் அந்தந்தக் கூட்டத்திலேயே பங்கிட்டுக்கொள்ளுங்கள். பணம் சேர ஆரம்பித்துவிட்டால் இரண்டு பேர் கையெழுத்தும் ஒரு கணக்குப் புத்தகமும் கட்டாயம். கம்பெனியிடமிருந்து பணம் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கிய பிறகு மேலே சொன்ன ஐந்து கேள்விகளை அதே தைரியத்தோடு கேட்க முடியாது.

கூடிட்டோம், அப்படியே எந்த ட்ரீட்மென்டுக்கு எவ்வளவு வாங்குறீங்கன்னும் பேசிக்கலாமே?

இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். ஒரே பகுதியில் போட்டியாக இருக்கும் கிளினிக்குகள் கட்டணம் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வருவது பல நாடுகளில் சட்டவிரோதம். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டமும், இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன. நோக்கம் மென்பொருளாக இருந்தாலும், போட்டியாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து விலை பேசினார்கள் என்பது அப்படியேதான் நிற்கும். எந்தக் காப்பீட்டு நிறுவனத்தை ஏற்பது, எதை எல்லோரும் சேர்ந்து விடுவது என்ற பேச்சும் இதே வகை.

கட்டண அட்டவணையை மென்பொருளில் எப்படி அமைப்பது என்று தாராளமாகக் காட்டலாம். அதற்கு எல்லாச் சிகிச்சைக்கும் 100 என்று போட்ட மாதிரி அட்டவணை போதும். யாராவது நிஜத் தொகையைச் சொல்ல ஆரம்பித்தால் நடத்துகிறவர் உடனே நிறுத்த வேண்டும். நான் "தொகை வேண்டாம்" என்று மட்டும் சொல்வேன், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பக்கத்துக் கிளினிக்காரங்க நம்ம ஸ்டாஃபை இழுத்துட்டா?

இந்தப் பயம் உண்மையானது. கூட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பேச்சு கூடாது என்று விதி வைத்திருக்கிறோம், அதை மதிக்கிறார்கள். ஒருவர் வேறு கிளினிக்குக்கு மாறவே கூடாது என்று குழு தடுக்க முடியாது. கிளினிக் முதலாளிகள் ஒருவருக்கொருவர் ஊழியரை எடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வதும் சில நாடுகளில் மேலே சொன்ன போட்டிச் சட்டத்தில் மாட்டும்.

கூட்டத்துல காட்டின ஒரு டிரிக்கை எங்க கிளினிக்ல செஞ்சோம், கணக்கே குழம்பிடுச்சு. யார் பொறுப்பு?

செய்தவர்தான் பொறுப்பு, ஆனால் காட்டியவருக்கும் கடமை உண்டு. எங்கள் குழுவிலேயே இது நடந்தது. இரண்டு முறை பதிவான நோயாளியை ஒன்றாக இணைப்பது எப்படி என்று கற்பனை நோயாளியை வைத்துக் காட்டினோம். ஒரு கிளினிக்கில் அடுத்த நாளே ஒரே பெயர் கொண்ட இரண்டு பதிவுகளை இணைத்துவிட்டார்கள். அவர்கள் தாத்தாவும் பேரனும். பேரனின் பால்பல் குறிப்புகளும் தாத்தாவின் இரத்த அழுத்த மருந்தும் ஒரே பதிவில். பெரும்பாலான மென்பொருள்களில் இந்த இணைப்பைத் திருப்ப முடியாது. முந்தைய இரவின் பேக்கப்பைத் தனிக் கணினியில் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, இரண்டு பேரையும் கையால் பிரித்தார்கள். இரண்டு நாள் ஆனது.

"திருப்ப முடியாது" என்பதை நாங்கள் காட்டும்போது சொல்லவில்லை, தவறு எங்களுடையது. அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் எந்தப் பதிப்பில் சோதித்தது, திருப்ப முடியுமா முடியாதா என்ற இரண்டையும் முதலில் சொல்கிறோம். இணைக்கும் முன் பிறந்த தேதியைப் பார்ப்பதும் குறிப்பில் ஏறிவிட்டது. எஸ்க்யூஎல் வினவல்களை (தரவுத்தளத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் கட்டளைகளை) பகிரும் குழுக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓப்பன் டென்டல் மாதிரியான மென்பொருளில் நாமே வினவல் எழுதிப் பட்டியல் எடுக்க முடிகிறது. 'செலக்ட்' என்று தொடங்குவது தரவைப் படித்து மட்டும் காட்டும். 'அப்டேட்', 'டிலீட்' என்று தொடங்குவது தரவையே மாற்றிவிடும். பின்னதைக் குழுவில் பகிரவே வேண்டாம்.

பேக்கப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்பது பரவலாகச் சொல்லப்படும் விதி. அதோடு நான் சேர்ப்பது: திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். அந்தக் கூட்டத்தில் "கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?" என்று கேட்டபோது ஒருவர் மட்டும்தான் கை தூக்கினார்.

புது அப்டேட் வந்தா உடனே போடலாமா, குழுவுல யாராவது போட்டுப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்கலாமா?

எந்த அப்டேட் என்பதைப் பொறுத்தது. பல் மென்பொருளின் புதிய பதிப்பு என்றால் காத்திருக்கலாம். முறை வைத்து ஒரு கிளினிக் முதலில் போட்டு, ஒரு வாரம் கழித்து எது வேலை செய்கிறது, எது நின்றுவிட்டது என்று சொல்லட்டும். பெரும்பாலும் முதலில் நிற்பது எக்ஸ்ரேதான், ஏனென்றால் சென்சாரின் டிரைவரும் படம் காட்டும் நிரலும் நோயாளிப் பதிவோடு இணைக்கும் பாலமும் வேறு வேறு ஆட்கள் செய்தவை. அதனால் முதலில் போடும் கிளினிக் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டே மற்றவர்களுக்குப் பச்சைக்கொடி காட்ட வேண்டும்.

விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்களை இப்படித் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியபோது பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூட ரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. "எங்கள் எக்ஸ்ரே கணினி இன்னும் அதில்தான் ஓடுகிறது" என்று சொல்பவர் உங்கள் குழுவிலும் இருப்பார். சென்சாருக்குப் புதிய டிரைவர் இருக்கிறதா, இல்லாவிட்டால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைப்பது எப்படி என்பது ஒரு நல்ல கூட்டத்துக்கான பொருள்.

குழுவா சேர்ந்து கேட்டா கம்பெனிக்காரங்க சாஃப்ட்வேரை மாத்துவாங்களா?

கேட்கிற விதத்தைப் பொறுத்தது. "உங்கள் மென்பொருள் மெதுவாக இருக்கிறது" என்ற கடிதம் எங்கேயும் போகாது. எந்தத் திரையில், எந்த வரிசையில் எதை அழுத்தினால் என்ன ஆகிறது, என்ன ஆக வேண்டும், எத்தனை கிளினிக்கில் ஆகிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எழுதுங்கள். முன்பு சொன்ன அச்சு வெட்டுப்படும் கட்டத்தை நான் தனியாகப் பல தடவை சொல்லிப் பயனில்லை. குழுவாக, ஒவ்வொரு கிளினிக்கின் பிரிண்டர் வகையையும் காகித அளவையும் சேர்த்து எழுதினோம். அடுத்த பதிப்பில் சரியாகியிருந்தது.

ஒரு முறைக்கு ஒரு கோரிக்கை மட்டும். பத்தைக் கேட்டால் அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

தொடங்கினவர் வேலையை விட்டுப் போயிட்டா குழு என்ன ஆகும்?

பெரும்பாலும் அப்படித்தான் குழுக்கள் நிற்கின்றன. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை நடத்துகிறவர் மாறட்டும். உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்புகள், மாதிரித் தரவு உள்ள லேப்டாப்பின் பாஸ்வேர்டு மூன்றும் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

எங்க குழுவுல பாதிப் பேர் வேற சாஃப்ட்வேருக்கு மாறப்போறாங்க. மூடிடலாமா?

மூடாதீர்கள், குறைந்தது அவர்கள் மாறி முடிக்கும்வரை. முதலில் மாறும் கிளினிக்குக்குக் கிடைக்கும் அனுபவம் மற்ற எல்லோருக்கும் வேண்டும். தரவு மாற்றத்தில் பெயர், முகவரி, நிலுவைத் தொகை சுலபமாகப் போய்விடும். பல் வரைபடம், சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் செய்த சம்மதப் படிவம் ஆகியவை பாதியாகவோ வடிவம் மாறியோ போகும். நிலுவை மொத்தமாக ஒரே வரியில் வந்து, எந்தச் சிகிச்சைக்கான பாக்கி என்பது தொலைந்துபோவதும் உண்டு. எக்ஸ்ரே படங்களை டைகாம் வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா, அல்லது பழைய நிரலில் மட்டும் திறக்கும் வடிவில் சிக்கியிருக்கின்றனவா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேட்க வேண்டும்.

மாறும் கிளினிக், பழையதிலிருந்து இருபது நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கட்டும்: பாக்கி உள்ளவர், சிகிச்சை பாதியில் நிற்பவர், குழந்தை, நெடுநாள் நோயாளி, பெயர் மாற்றியவர் என்று கலந்து. புதியதிலும் அதே இருபது பேரைத் திறந்து, இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து அவர்களே வரிவரியாக ஒப்பிடட்டும். நோயாளி விவரம் கிளினிக்குக்கு உள்ளேயே இருக்கும், எந்த வகைத் தகவல் விடுபட்டது என்பது மட்டும் குழுவுக்கு வரும். அந்த இருபது பேரின் பழைய எக்ஸ்ரேக்களும் புதிய மென்பொருளில் திறக்கும்வரை பழைய லைசென்ஸை ரத்து செய்ய வேண்டாம், பழைய சர்வரையும் அழிக்க வேண்டாம்.